டோல்னி வியெஸ்டொனிட்சே: நெஞ்சை விட்டு அகலாதது எது?

மண்மேடு:
செக் நாட்டில் பனியுக மனிதர் வாழ்ந்த இந்த ஊரில் என் நெஞ்சில் நிற்பது பழைய செங்கற்சூளைப் பள்ளத்துச் சுவர்தான். காற்றில் வந்து படிந்த மஞ்சள் புழுதிமண், அதாவது லோயஸ், செங்குத்தாக நிற்கிறது. நடுநடுவே கறுத்த பட்டைகள். மஞ்சள் அடுக்கு குளிரும் வறட்சியும். கறுப்பு, வெப்பம் திரும்பிப் புல் முளைத்த காலம். ஒரு லட்சம் ஆண்டுக் கணக்கு ஒரே சுவரில். ‘காலங்களின் நாட்காட்டி’ என்று செக் மக்கள் வைத்த பெயர் அத்தனை பொருத்தம்.

சாம்பலடுக்கு:
சுவர் இருக்கட்டும், சாம்பலைச் சொல்லுங்கள். 1925 ஜூலை 13, கரேல் அப்சொலோன் நடத்திய அகழாய்வு. சாம்பலுக்குள்ளிருந்து வீனஸ், அதாவது சுட்ட மண்ணாலான பெண் உருவம், இரண்டு துண்டாக வெளிவந்தது. உயரம் 11.1 செ.மீ., உச்சந்தலையில் நான்கு குழி, சுடுமுன் பதிந்த ஒரு பிள்ளையின் கைரேகை. கூடவே ஆயிரக்கணக்கில் சுட்ட மண் சில்லுகள். ஈர மண்ணை நெருப்பில் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உருவத்தையே பிளந்துவிடும். அந்தப் பனியுக மக்கள் ஏதோ சடங்காக வேண்டுமென்றே வெடிக்க வைத்திருக்கிறார்கள்.

வேட்கோ:
‘வேண்டுமென்றே’ என்பது கருதுகோள், முடிவல்ல. இந்த லோயஸ் திடீர்ச் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆகவே தற்செயலாக இவ்வளவு வெடித்திருக்காது என்பது 1989இல் வந்த ஆய்வின் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் கனமும் ஈரமும் கூடினால் எந்த மண்ணும் வெடிக்கும். சோதிக்க நினைப்பவர்கள் ஒரே கனத்தில் இரண்டு உருண்டை பிடியுங்கள். ஒன்றை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள், மற்றதை ஈரத்தோடு வையுங்கள். அடுப்புச் சூடு 500 முதல் 800 டிகிரிக்குள் இருக்கட்டும்; அங்கே கிடைத்த சில்லுகளும் அந்தச் சூட்டில் வெந்தவையே. எட்ட நில்லுங்கள், சில்லு தெறிக்கும். பிறகு விரிசலைப் பாருங்கள். உலரும்போது விட்ட விரிசலின் விளிம்பு மழுங்கியிருக்கும். தீயில் பிளந்தது கிளைவிட்டுக் கூராக ஓடும். இதைப் பார்க்காமல் சடங்கு என்று சொல்லிவிடக் கூடாது.

கரையோரம்:
அணையை யாருமே சொல்லவில்லையே! ஊரிலிருந்து ஸ்ட்ராஹோட்டீன் போகும் சாலையே டியெ ஆற்றின் அணைக்கரைதான். அங்குள்ள மூன்று நீர்த்தேக்கங்களில் நடுவிலுள்ளதில் முஷோவ் என்ற ஊர் மூழ்கியது; புனித லெனார்டு தேவாலயம் மட்டும் ஒரு தீவில் தனியாக நிற்கிறது. கரை எழுப்ப வியெஸ்டொனிட்சேயின் சரிவில் லோயஸை வெட்டினார்கள், அழியுமுன் காப்பாற்ற அகழாய்வும் கூடவே நடந்தது. 1986இல் அங்கே மூன்று இளையவர்கள் அருகருகே, செங்காவி தூவிப் புதைக்கப்பட்டிருந்தார்கள். நடுவில் கிடந்தவர் எலும்பு கோணியவர். பெண் என்றே பலர் கருதினார்கள். மரபணுச் சோதனை ஆண் என்றது.

சாம்பலடுக்கு:
வேட்கோ, உருண்டை சரி. அந்தச் சில்லுகளில் சிங்கத் தலையும் கரடித் தலையும் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது?

மண்மேடு:
போகிறவர்களுக்கு: ஊர்க் காட்சிக்கூடத்தில் இருக்கும் வீனஸ் நகல். அசல் பிர்னோவில் மொராவிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது, எப்போதாவதுதான் காட்சிக்கு வரும். மாமத் என்ற அழிந்துபோன பனியுக யானையின் எலும்புக் குவியலைக் கிடந்த இடத்திலேயே பார்க்க, பக்கத்து ஊர் பாவ்லோவின் நிலத்தடிக் காட்சியகம். மழை பெய்த மறுநாள் லோயஸ் சுவரடியில் நிற்காதீர்கள். காயும்வரை பிடித்து நிற்கும் மண், நனைந்தால் பாளம் பாளமாகச் சரியும்.