மறு: ‘பிரைஸ் பிரீமியம்’ – சான்று மேல்விலை எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வணிகவியல் சொற்பட்டியலில் ‘பிரைஸ் பிரீமியம்’ இன்னும் பாக்கி. பாடநூலில் ‘முனைமம்’ இருந்தாலும் அது பங்கு வெளியீட்டுக் கணக்குக்கு உரியது. நமக்கு வேண்டிய பொருள்: திராட்சை வகை, வட்டாரம், அறுவடை ஆண்டு, சுவை மதிப்பெண் எல்லாம் ஒத்திருக்க, இயற்கைவேளாண் சான்று பெற்ற ஒயின் கூடுதலாகப் பெறும் விலை. ‘சான்று மேல்விலை’ எனலாமா?

— பாளையங்கோட்டை

அண்ணாச்சி, ‘மேல்விலை’ வேண்டாம். டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் மேலே வைத்து வாங்குவதுதான் நினைவுக்கு வரும், வகுப்பே சிரிக்கும். ‘விலையேற்றம்’ நாள்போக்கில் ஏறுவது. ‘மிகுவிலை’ சரியாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு உடன்குடிக் கருப்பட்டியையும் சேருங்கள். ஆனால் சீனி கலந்த சரக்கோடு ஒப்பிட்டால் வருவது கலப்பில்லாததற்கான விலை, சான்றுக்கானது அல்ல.

— தென்காசி

தம்பி சொன்ன ‘மிகுவிலை’ ஓரிடத்தில் இடிக்கிறது. 1998–2005 கலிபோர்னியா ஒயின் தரவில் ஆய்வாளர்கள் மகாலி டெல்மாஸும் லாரா கிராண்டும் கண்டது இது: சான்று வாங்கியும் புட்டியில் சொல்லாத ஒயினுக்கு ஏறத்தாழ 13% கூடுதல், சின்னத்தை லேபிளில் போட்டதும் 20% இறக்கம். அமெரிக்க விதிப்படி ‘ஆர்கானிக் ஒயின்’ என்றால் கெடாமல் காக்கும் சல்பைட் சேர்க்கக் கூடாது, அதனால் சீக்கிரம் கெடும். ‘ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்’ என்றால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை இருக்கலாம். வாங்குகிறவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார் போலும்.

ஆகவே ‘சான்று’ வேறு, ‘சான்றுச்சின்னம்’ வேறு என்று இரண்டு பதிவு போடுங்கள். பொதுச்சொல்லாக ‘விலைவிலக்கம்’ இருக்கட்டும். ‘திட்டவிலக்கம்’ படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல, கூட்டலும் கழித்தலும் இதில் அடங்கும். கூடினால் மிகுவிலை, குறைந்தால் குறைவிலை. (ஊர்விலக்கம் என்று யாராவது வம்புக்கு வருவார்கள், வரட்டும்.)

இன்னொன்று: விலையின் மடக்கையை (இயல் மடக்கை) வைத்துக் கணக்கிட்டால், சான்றால் அந்த மடக்கை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கெழுவை அப்படியே சதவீதமாக எழுதக் கூடாது. 0.12 என்றால் 12.7%, −0.22 என்றால் −19.7%. எதிர்க்குறி பக்கம்தான் பலரும் தவறுகிறார்கள், 22% என்றே எழுதிவிடுகிறார்கள்.

— கோவில்பட்டி

‘விலைவிலக்கம்’ ஏற்றாயிற்று, சின்னத்துக்குத் தனிப்பதிவும் உண்டு. என் வரைவு விளக்கத்தில் இருந்த ‘இலாபம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுகிறேன். சான்றுக் கட்டணமும், திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கான மூன்று ஆண்டு மாற்றுக்காலச் (இயற்கை வேளாண்மைக்கு மாறும் காலத்துச்) செலவும் இந்தக் கணக்கில் கழிபடவில்லை.

— பாளையங்கோட்டை