பாரிஸ் பாஸ் கையில இருக்கு, லூவருக்கு நேரம் எடுக்க ஏலாம இருக்கு – அவசர உதவி

வெள்ளவத்தை_சுதா
வணக்கம். பல இடத்துக்கும் ஒரே சீட்டாப் போற பாரிஸ் பாஸ் வாங்கியாச்சு. லூவர் மியூசியத்துக்கு நேரம் பதியப் போனால் எல்லா மணியும் சாம்பல் நிறத்திலயே நிக்குது, அமத்த ஏலாது. வேற பக்கத்தால போனால் ஆளுக்கு 32 யூரோ கேக்குது. பாஸ் இருக்கிற ஆக்கள் ஏன் திரும்பவும் காசு கட்டவேணும்? ஞாயிறு பிளைட். ஆராவது கெதியாச் சொல்லுங்கோ.

ஏழாம்_லைன்
எந்த பாஸ்? "பாரிஸ் பாஸ்" எண்டு பல வகை விக்கினம். மியூசியம் பாஸ் எண்டால் 2, 4, 6 நாள்தான் இருக்கு. பஸ், செய்ன் ஆத்துப் படகு எல்லாம் சேத்து விக்கிறது வேற சாமான். எத்தினை பேர், என்ன வயசு, எந்தத் திகதிக்குப் பாத்தனீங்கள்?

கடலோரம்
போனில கூகுள் மொழிபெயர்ப்பு ஓடுதோ? பக்கத்தை அது தானா மாத்தினால் கலண்டர் பட்டன் செத்துப்போகலாம். மொழிபெயர்ப்பை நிப்பாட்டி, லூவர் தளத்திலயே ஆங்கிலத்தைத் தெரிஞ்செடுத்து, கம்பியூட்டரில பாருங்கோ.

நிர்மலா_தெஹிவளை
அந்த 32 யூரோ சாதாரண டிக்கட் விலை. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியில இருந்து வாற ஆக்களுக்கு 2026 ஜனவரி 14 தொடக்கம் 22 இல இருந்து 32 ஆக்கினவை. சுதா, நீங்கள் டிக்கட் பட்டியலில பிழையான வரியை அமத்தியிருக்கிறீங்கள். பாஸ்காரருக்கு அதே தளத்தில தனி வரி இருக்கு, விலை 0 எண்டு காட்டும்.

பழைய_பயணி
இதை இங்கே எத்தனை தரம் எழுதியாயிற்று! பாஸ் என்பது நுழைவுக் காசு கட்டியதற்கான சீட்டு, அவ்வளவுதான். நேரம் அதற்குள் வராது. முதலில் லூவர், வெர்சாய் மாளிகை, சாந்த் ஷாப்பல் தேவாலயம் மூன்றுக்கும் நேரம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் பாஸ் வாங்க வேண்டும். திகதியும் ஆள் கணக்கும் இல்லாத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, தங்கச்சி.

வெள்ளவத்தை_சுதா
மன்னிக்கோணும். மியூசியம் பாஸ்தான், 4 நாள். 6 பேர்: அம்மா, அப்பா, நாங்கள் ரெண்டு பேர், பிள்ளைகள் 14, 9. ஆறு பாஸும் ஒரு ஏஜென்சித் தளத்தில எடுத்தது. செவ்வாய்க்கிழமைக்கு மட்டும்தான் பாத்தனான். தங்கிறது பாரிசுக்குப் பக்கத்தில லாக்கூர்நெவ்வில, சித்தி வீடு.

ஏழாம்_லைன்
விசயம் அதுதான். செவ்வாய் லூவர் பூட்டு. ஒறாஞ்சறி மியூசியமும் செவ்வாய் பூட்டு. ஓர்சே மியூசியம், வெர்சாய், றொடின் மியூசியம் மூண்டும் திங்கள் பூட்டு.

இப்ப செய்யவேண்டியது: லூவரின்ர சொந்த டிக்கட் தளத்தில புதன் அல்லது வெள்ளியைப் பாருங்கோ. அந்த ரெண்டு நாளும் இரவு 9 மணி வரை திறப்பு, பின்னேர நேரங்கள்தான் கடைசியா முடியிறது. நேரத்தைத் தெரிஞ்ச பிறகு மியூசியம் பாஸ் வரியில 4, 18 வயசுக்குக் கீழ் வரியில 2 போடுங்கோ. எல்லாம் ஒரே ஓடரில, ஒரே நேரத்துக்கு. பிள்ளையளை விட்டிட்டுப் போட்டால் வாசலில பிரச்சினை, ஏனெண்டால் இலவசக்காரருக்கும் நேரச்சீட்டு வேணும். காட்டுறது பாரிஸ் நேரம், கொழும்பு நேரம் இல்லை. வாற பிடிஎஃபை போனில இறக்கி வையுங்கோ.

பிள்ளையளுக்கு பாஸ் தேவையே இல்லை. 18க்குக் கீழ் லூவர், ஓர்சே, வெர்சாய், வெற்றி வளைவு (ஆர்க் து த்ரியோம்ஃப்) எல்லாம் இலவசம், வயசுக்கு பாஸ்போட் காட்டினால் காணும். அந்த ரெண்டு பாஸையும் பாவிக்காமல் வைச்சு, வித்த தளத்திட்ட திருப்பிக் கேளுங்கோ.

பாஸ் மணிக்கணக்கில ஓடுது. 4 நாள் எண்டால் முதல் ஸ்கேனில இருந்து 96 மணித்தியாலம். திங்கள் தொடங்காதேங்கோ, பாதி இடம் பூட்டு. திங்கள் நோத்ர்தாம் தேவாலயத்துக்குப் போங்கோ. 2024 டிசம்பரில திரும்பத் திறந்தது, உள்ளுக்குப் போகக் காசில்லை. செவ்வாய் காலை 10 மணிக்கு சாந்த் ஷாப்பலில தொடங்கினால் சனி காலை 10 வரை செல்லும். செவ்வாய் பின்னேரம் ஓர்சே, புதன் லூவர், வியாழன் வெர்சாய், வெள்ளி றொடினும் வளைவும். வெர்சாயைச் செவ்வாயில போடாதேங்கோ, லூவர் பூட்டெண்டு சனம் எல்லாம் அங்கதான் போகும். ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை நீரூற்று ஓடுற நாளில வெர்சாய் பூங்காவுக்குத் தனிச்சீட்டு, பாஸ் செல்லாது.

லாக்கூர்நெவ்வில இருந்து மெட்ரோ 7ஆம் லைன் மாறாமல் லூவர் வாசலுக்கே போகுது, பலே றோயல் ஸ்டேசன்.

கடலோரம்
மொழிபெயர்ப்பையும் ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ. புதனும் சாம்பலாத் தெரிஞ்சால் காரணம் அதாயும் இருக்கலாம்.

கொட்டாஞ்சேனை_மகேஸ்
அம்மா அப்பாவுக்கு 4 நாள் பாஸ் வீண். வயசான ஆக்கள் ஒரு நாளைக்கு ஒரு இடம்தான் பாப்பினம். லூவர், ஓர்சே ரெண்டுக்கும் தனி டிக்கட் எடுத்திருக்கலாம். சாந்த் ஷாப்பல் மேல் மாடத்துக்கு ஒடுக்கமான சுருள் படி. வளைவுக்கு 284 படி.

நிர்மலா_தெஹிவளை
மகேஸ் அண்ணை, வளைவில நடக்கக் கஷ்டமான ஆக்களுக்கு லிப்ட் இருக்கு. லூவரில அடையாள அட்டை குடுத்தால் சக்கர நாற்காலி இலவசமாத் தருவினம். லூவர் 32, ஓர்சே 16, ரெண்டிலயே 48 யூரோ வந்திட்டுது. வெர்சாய், வளைவு, சாந்த் ஷாப்பல், றொடின் எல்லாம் சேந்தால் பாஸ்தான் லாபம்.

கொட்டாஞ்சேனை_மகேஸ்
எல்லாத்தையும் பாத்தால்தானே லாபம். வெர்சாய் ஒரு முழு நாள் நடை. மாளிகை முற்றமே கல்லுப் பாவினது, முழங்கால் நோவுக்கு அது கடினம். லாபத்துக்காக அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது.

பழைய_பயணி
இருவரும் பாஸை விலையால் மட்டும் அளக்கிறீர்கள். பாஸ் இருந்தால் ஓர்சேயில் டிக்கட் கவுண்டர் வரிசை இல்லை, கால் நோகும் பெற்றோருக்கு அது பெரிய உதவி. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசையை எந்தப் பாஸும் தவிர்க்காது. சாந்த் ஷாப்பல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது, கைப்பையில் நகவெட்டிக் கத்தரிக்கோலோ கண்ணாடிப் போத்தலோ கிடந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள். தங்கச்சி, முதல் நாள் இரவே அம்மாவின் பையைக் கொட்டிப் பாருங்கள். ஈபிள் கோபுரமும் மெட்ரோவும் பாஸில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம்_லைன்
சுதா, ஏஜென்சி அனுப்பினது பாஸோ, வவுச்சரோ? சில தளங்கள் வவுச்சர்தான் தரும், பாரிசில ஒரு கவுண்டரில குடுத்து மாத்தவேணும். கியூஆர் கோட்டுக்கு மேல என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ. எண்டைக்கு, எத்தினை மணிக்குத் திரும்புறீங்கள்?

வெள்ளவத்தை_சுதா
புதன் பின்னேரம் 5.30 கிடைச்சுது, 4+2. வெர்சாய் வியாழன் காலை எடுத்திட்டன். பிள்ளையளின்ர பாஸ் காசு திருப்பித் தரமாட்டினமாம். எல்லாருக்கும் நன்றி.

ஏழாம்_லைன்
நல்லது. 5.30க்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்குள்ள வாசலில நிக்கோணும். சாந்த் ஷாப்பலுக்கும் நேரம் எடுத்திட்டீங்களோ? வவுச்சரோ பாஸோ எண்டதையும் சொல்லேல்லை.

கொட்டாஞ்சேனை_மகேஸ்
சித்தி வீட்டில மடிக்கிற நாற்காலி இருந்தால் வெர்சாய்க்குக் கொண்டு போக விடுவினமோ எண்டு முதல் கேட்டுப் பாருங்கோ.