ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) வயிற்றுக்குப் பூண்டுப் பால் நல்லதா?

பூம்பாறைக்காரன்:
வயது 34. இரண்டு வருடமாக, காலையில் கொடைக்கானல் பஸ் ஏறுவதற்குள் நாலு தடவை போக வேண்டியிருக்கிறது. அடிவயிறு பிடிக்கும், போய் வந்தால் கொஞ்சம் விடும். சாயங்காலம் வயிறு பானை மாதிரி உப்பிவிடும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரி. டாக்டர் ஐபிஎஸ் என்றார். டீயையும் காரத்தையும் குறைத்தாயிற்று. வாயுவுக்கு நல்லதென்று அம்மா தினமும் ராத்திரி எங்கள் மலைப்பூண்டில் ஆறேழு பல்லைப் பாலில் வேகவைத்துத் தருகிறார். வேறு என்ன செய்யலாம்?

கோத்தகிரி அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பாலை நிறுத்துங்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டான் என்று ஒன்று இருக்கிறது. அதை உடைக்க யார் சிறுகுடலாலும் முடியாது. பெருங்குடலில் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். மற்றவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும், நம் குடலுக்கு வலிக்கும். பாலின் லாக்டோஸும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு எமன் அவரை. எங்கள் பக்கம் அவரை இல்லாமல் ஒரு வாரம் போகுமா!

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் (FODMAP) முறையில், இப்படிக் குடலில் புளித்து வாயுவாகும் உணவுகளை 2 முதல் 6 வாரம் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆயுசுக்கும் பத்தியம் இல்லை.

பூம்பாறைக்காரன்:
அக்கா, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு இது! வேண்டாம் என்றால் அம்மா சோறே போடமாட்டார்.

குன்னூர்வாசி:
மணத்துக்கு வழி இருக்கிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அப்புறம் மற்றதைச் சேருங்கள். குழம்பில் கொதித்த பிறகு எடுத்துப் பயனில்லை. அந்த எண்ணெயைப் புட்டியில் சேர்த்துவைக்காதீர்கள், கெட்டு விஷமாகிவிடும்.

கேரட், உருளை பயமில்லை. முட்டைக்கோஸ், பேரிக்காய், பிளம்ஸ் பார்த்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்துக்குத் தவிட்டுக்குப் பதில் இசப்கோல், கொஞ்சமாக ஆரம்பித்து, நிறையத் தண்ணீரோடு. அப்புறம் பஸ்: நேரமாகிவிட்டது என்ற பதற்றமே குடலைக் கலக்கும். அரைமணி முன்னால் எழுந்து, சாப்பிட்டு, போய்விட்டுக் கிளம்பிப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

பூம்பாறைக்காரன்:
மூன்று வாரம் ஆயிற்று. நாலு தடவை இரண்டாகிவிட்டது, உப்பலும் பாதி. குற்றவாளி பாலா பூண்டா என்று தெரிய, அடுத்த வாரம் பாலை மட்டும் தனியாகக் குடித்துப் பார்க்கப்போகிறேன். அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த பல்லையெல்லாம் தன் தட்டில் போட்டுக்கொள்கிறார்.