ஸ்பிட்ஃபயர் முன் சஸ்பென்ஷன்: கடினமான ஸ்பிரிங் மாட்டலாமா?

கேள்வி (காட்பாடி)
என்னிடம் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தின் பக்கம் ‘டொக்’கென்று சத்தம் கேட்கிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் நன்றாக அமுங்குகிறது. ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி அதிகமாகச் சாய்கிறது. ஓர் அங்குலம் தாழ்வான, கடினமான ஸ்பிரிங்கும் புதிய ஷாக் அப்சார்பரும் வரவழைக்க நினைக்கிறேன். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குப் (உறைக்கு) பதிலாகக் கடினமான பாலியூரித்தேன் புஷ்ஷும் சேர்த்துப் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ராணிப்பேட்டை)
தம்பி, ஸ்பிரிங்குக்குப் பணம் அனுப்பும் முன் முன்சக்கரத்தின் கீழ்மூட்டான ட்ரன்னியனைப் பாருங்கள். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கும் உங்கள் வண்டிக்கும் முன்பக்க அமைப்பு ஒரே வம்சம்தான். சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்கின் கீழ்முனை மரையாக இருக்கும். அது பித்தளை நிற ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு 90 கிரேடு கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை போகாது. தண்ணீர் தங்கி, துருப்பிடித்து, ஒருநாள் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். கடினமான ஸ்பிரிங் அந்தப் பலவீனமான இடத்துக்கு இன்னும் அதிக அடியைத்தான் அனுப்பும்.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் கீழிருந்து எந்த இணைப்பு ஆடுகிறது என்று பார்க்கட்டும்.

பதில் (ஆம்பூர்)
அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. உயரத்தைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. வண்டி ஏற்கெனவே தாழ்வு. நம் ஊர் வேகத்தடைகளில் சைலன்சர் உரசும். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையான விஷ்போனின் பிராக்கெட்டில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) குறைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சாய்வுதான் கவலை என்றால் இரு முன்சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைச் சற்றுத் தடிமனாக மாற்றுங்கள். முன்பக்கம் அமுங்குவது ஷாக் அப்சார்பர் ஓய்ந்ததாலும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்
இடது ட்ரன்னியனைக் கழற்றிவிட்டேன். உள்ளே செம்மண் நிறத்தில் கெட்டியான கிரீஸ். துடைத்ததும் மரையின் முனைகள் தேய்ந்து, நடுவில் துருக்குழிகள் தெரிகின்றன. இரண்டு பக்கமும் லிங்க், ட்ரன்னியன், ஷாக் அப்சார்பர் மாற்றுகிறேன். ஸ்பிரிங் பழைய உயரத்திலேயே இருக்கட்டும். மிக்க நன்றி.

பதில் (ராணிப்பேட்டை)
நல்ல முடிவு. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, மாற்றிக் கலந்துவிடாதீர்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்ற அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் மேல் நடு நட்டைத் தொடவே வேண்டாம், தெறித்தால் ஆளைக் கொல்லும். வீட்டு உபயோகத்துக்கு ரப்பர் புஷ்ஷே மென்மையாக இருக்கும். அதைப் போட்டால், வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகுதான் விஷ்போன் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.