இருமுகிறவர்களுக்குத் தனி வாசல் வேண்டுமா? பெரும்பாக்கம் மருத்துவ நிலைய வரைபடம் குறித்து

வாசல்படி:
சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்காக ஓர் அறக்கட்டளை கட்டவிருக்கும் சிறு மருத்துவ நிலையத்தின் வரைபடத்தைச் சென்ற வாரம் இந்த விவாதப் பக்கத்தில் வெளியிட்டிருந்தேன். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கர்ப்பகாலப் பரிசோதனை, காசநோய் மருந்து, மனநல ஆலோசனை ஆகிய அனைத்துக்கும் ஒரே வாசல், ஒரே சீட்டு, ஒரே காத்திருப்புக் கூடம் என்பதே அதன் அடிப்படை. அதன் கீழே செங்காந்தள் அம்மையார், "இருமுகிறவர்களுக்குத் தனி வாசல் இல்லாத இது நோய் பரப்பும் கட்டடம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மருத்துவக் கட்டடங்களை வரைவதையே தொழிலாகக் கொண்ட நான் இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இந்த மக்கள் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டு, நகரத்தின் விளிம்பில் குடியமர்த்தப்பட்டவர்கள். மனநல மருந்துக்குக் கீழ்ப்பாக்கம் வரையிலும், எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்குத் தாம்பரம் சானடோரியம் வரையிலும் போக நேர்கிறவர்களுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியை விழுங்குகிறது. அவர்கள் வீட்டருகிலேயே ஒரு மருத்துவ நிலையம் கட்டி, அதன் வாசலிலும் அவர்களை இரண்டாகப் பிரித்து நிறுத்த வேண்டுமா? காசநோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியதே இந்தச் சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை (மருந்துச் சிகிச்சை) மையம், வீட்டிலேயே மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்பதையும், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதையும் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகளிடம் நடந்த ஆய்வு அது. அதற்குப் பிறகும் தனி வாசல் கேட்பது ஒதுக்கி வைப்பதுதான்.

செங்காந்தள்:
தம்பி, அந்த ஆய்வு நடந்த ஊரில் காசநோய்ப் பிரிவுச் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அதை எனக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆய்வு மருந்து தொடங்கிய நோயாளிகளைப் பற்றியது. அவர்களுடைய வீட்டார் மருந்து தொடங்குவதற்கு முன்பே, பல மாதங்களாக, அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவர்கள். உங்கள் கூடத்தில் உட்காரப்போகிறவர்களோ ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். ஒரு பக்கம் ஏழு மாதக் கர்ப்பிணி, மறுபக்கம் கட்டுக்குள் வராத சர்க்கரையுடன் ஒரு பெரியவர், நடுவில் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளாத ஒரு கட்டடத் தொழிலாளி. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது இத்துறையில் இருக்கும் யாருக்கும் தெரியும். இந்த மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயரிடுகிறீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில் 2005, 2006-இல் நடந்ததைப் படித்துப் பாருங்கள். எச்.ஐ.வி. சிகிச்சையும் காசநோய்ச் சிகிச்சையும் ஒரே மருத்துவமனையில் நடந்த இடம் அது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் காசநோய் மருந்தே உட்கொண்டதில்லை. மருத்துவமனைக் காற்றே அவர்களில் பலரிடம் நோயைக் கொண்டு சேர்த்திருக்க வேண்டும். தனி வாசல் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணக்கர்:
விவாதத்துக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். இந்த நிலையத்தில் எந்தெந்தச் சேவைகள் நடக்கப்போகின்றன? காசநோய்க்கு மருந்து மட்டும் கொடுப்பார்களா, சளிப் பரிசோதனையும் உண்டா? அது தெரியாமல் வாசலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எட்டாம்மாடி:
நான் பெரும்பாக்கத்தில் குடியிருப்பவள். அம்மா, நீங்கள் சொல்லும் மருத்துவ உண்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அடுக்குமாடியில் எந்த வீட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். இடப்பக்க வாசல் காசநோய்க்கு என்று வைத்த மறுநாளே, அதன் வழியாகப் போகிறவர்களின் பெயர்கள் கீழ்த்தளக் கடை வரை வந்துவிடும். வீட்டு வேலை செய்யும் பெண்ணை அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் திருமண வயதில் மகள் இருந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். எனவே அந்தப் பெண் அந்த வாசலுக்கு வரவே மாட்டாள். வராதவள் மருந்து இல்லாமல் வீட்டிலேயே இருமிக்கொண்டிருப்பாள், பேருந்திலும் இருமுவாள். அப்போது நோயைப் பரப்புவது எது, கூடமா, தனி வாசலா?

இன்னொன்றையும் கேட்கிறேன். சரியான மருந்தைத் தவறாமல் எடுக்கத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவது விரைவில் குறைந்துவிடும் என்று எங்களுக்குச் சொன்னவர்களே உங்களைப் போன்ற செவிலியர்கள்தான். அப்படியானால் ஆபத்து, நோய் இருப்பது இன்னும் தெரியாதவரிடமிருந்துதான் வருகிறது. அவர் சர்க்கரை மாத்திரைக்கோ காய்ச்சலுக்கோ பொது வாசல் வழியாகத்தானே வருவார்? உங்கள் தனி வாசல் யாரைத் தடுக்கிறது?

செங்காந்தள்:
காசநோயாளிக்குத் தனி வாசல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, மகளே. இருமுகிறவர்களுக்குத் தனி வாசல் என்றேன். வெளிவாசலில் ஒருவர் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்பவரை நேராகத் திறந்த தாழ்வாரத்துக்கு அனுப்பி, முகக்கவசம் கொடுத்து, காத்திருக்க வைக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தத் தாழ்வாரத்துக்கு ஒரு தனி வாசல் வேண்டும். பலகை எதுவும் வேண்டாம்.

எட்டாம்மாடி:
பலகை இல்லாவிட்டாலும் வாசல் இருக்கிறதே, அம்மா. யார் எந்தப் பக்கம் அனுப்பப்படுகிறார் என்பதை வரிசையில் நிற்கும் எல்லாரும் பார்ப்பார்கள்.

வாசல்படி:
முதலில் ஒரு வேண்டுகோள். நான் யாருக்கும் தம்பி அல்லன். என் தொழிலில் எனக்கும் நரை விழுந்திருக்கிறது.

இப்போது காற்றுக்கு வருகிறேன். பெரு நாட்டின் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் அளவெடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது அறைக்காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரங்களால் காற்றோட்டம் தரும் தனிமை அறைகளில் அது 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் 40 முறை, பிற்காலத்தில் கட்டியவற்றில் 17 முறை. நான் வரைந்த கூடத்துக்கு உயர்ந்த ஓட்டுக் கூரை, எதிரெதிர்ச் சுவர்களில் தரைமட்டத்திலிருந்து சன்னல்கள், உச்சியில் வெப்பக்காற்று வெளியேற வழி எல்லாம் உண்டு. ருவாண்டாவின் புட்டாரோவில் 2011-இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் உள்நடைபாதைகளைத் தவிர்த்து, நடப்பதையும் காத்திருப்பதையும் கட்டடத்துக்கு வெளியே கொண்டு வந்தார்கள். துகேலா ஃபெரியின் பாடத்தைப் படித்தவர்கள் அப்படித்தான் கட்டினார்கள். செங்காந்தள் அம்மையார் அந்தப் பாடத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டார்.

செங்காந்தள்:
புட்டாரோவில் எல்லாரும் வெளியே காத்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, உங்கள் வரைபடத்தில் எல்லாரையும் உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். புட்டாரோ குளிர்ந்த மலைப்பகுதி. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். மாலை ஐந்தரை மணிக்குக் கொசு திரண்டு வரும். அப்போது உங்கள் தரைமட்டச் சன்னல்களை யார் திறந்து வைப்பார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும்போது முதலில் மூடப்படுவது சன்னல்தான். லிமா ஆய்வையும் முழுமையாகச் சொல்லுங்கள்: சன்னல்களும் கதவுகளும் மூடியிருந்தபோது இருந்த காற்றோட்டம், திறந்திருந்தபோது இருந்ததில் பதினெட்டில் ஒரு பங்குதான். மூடிய கூடத்தில் நானே பணியாற்றியிருக்கிறேன். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. என்னுடன் வேலை செய்த இளம் செவிலி ஒருத்திக்கு அங்கே காசநோய் வந்தது. அவள் குணமாகிவிட்டாள், ஆனால் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

சென்ற ஆண்டு இதே இடத்தில், காத்திருப்புக் கூடத்துக்குக் குளிர்சாதனம் வேண்டாம் என்று நான் மன்றாடியபோது, "நோயாளியும் மனிதர்தானே, வியர்க்காமல் உட்காரட்டும்" என்று வாதிட்டவர் இதே வாசல்படி ஐயாதான். இன்று அவர் சன்னலின் பெருமையைப் பேசுகிறார்.

வாசல்படி:
அந்த விவாதம் பிரசவ அறையைப் பற்றியது. திரித்துப் பேசாதீர்கள்.

செங்காந்தள்:
கூடத்தைப் பற்றியதுதான். பழைய பதிவு இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கணக்கர்:
சளிப் பரிசோதனை உண்டா, இல்லையா? மூன்றாம் முறையாகக் கேட்க வைக்காதீர்கள். மேலும், நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2023 சூன் மாதம் அரசு திறந்த 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களின் நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. கூலி வேலைக்குப் போகிறவர் மாலையில் வரலாம் என்பதற்காக அமைத்த நேரம் அது. இந்த அறக்கட்டளை காலை 9 முதல் மாலை 5 வரை என்று அறிவித்திருக்கிறது. அந்த நேரத்தில் இந்தக் குடியிருப்பில் வேலைக்குப் போகாத முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். வாசல் ஒன்றாக இருந்தால் என்ன, நான்காக இருந்தால் என்ன?

எட்டாம்மாடி:
அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். நான் வீடு திரும்பும்போது மணி ஏழாகிவிடும். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மின்தூக்கி பழுதாகிக் கிடந்தாலும் அந்தத் தன்னார்வலர் படியேறி வருகிறார். அவரையே இருமல் பற்றியும் கேட்கச் சொல்லலாம். வாசலில் வைத்துப் பிரிப்பதற்குப் பதிலாக, வீட்டுக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல் கேட்டுவிடலாம்.

செங்காந்தள்:
அந்தப் பெண்களின் தலையில் இன்னொரு மூட்டையா? மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர்கள் எத்தனை வேலைதான் செய்வார்கள்? இருமல் கேட்பதற்கு அறக்கட்டளை சம்பளம் கொடுத்து ஆள் வைக்கட்டும்.

வாசல்படி:
வழக்கம்போல் அம்மையார் பேச்சை வேறு திசைக்குக் கொண்டுபோகிறார். குடியிருப்பவரே இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அவர் கேட்கத் தயாராக இல்லை.

செங்காந்தள்:
கேட்டேன், மகளே, உன் அச்சம் எனக்குத் தெரியாதது அல்ல. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக வரும் உதவித்தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதைக்கூட, வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று வங்கிக் கணக்கு எண் தர மறுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அவமானத்துக்கு மருந்து, கர்ப்பிணியின் பக்கத்தில் இருமுகிறவரை உட்கார வைப்பது அன்று. கர்ப்பிணிக்கும் மானம் உண்டு, உயிரும் உண்டு. அவளைக் கேட்காமலேயே அவளை அந்தக் காற்றில் உட்கார வைக்கும் உரிமையை இந்த வரைபடத்துக்கு யார் கொடுத்தது? சளி சேகரிக்க ஒரு மரத்தடி, அதற்கு முன் ஒரு திறந்த தாழ்வாரம், அதற்கு ஒரு தனி வாசல். இதற்கு ஆகும் செலவு உங்கள் ஓட்டுக் கூரைக்கு ஆவதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

எட்டாம்மாடி:
தாழ்வாரம் இருக்கட்டும், அம்மா. எல்லாரும் அதில் உட்காரட்டும், கர்ப்பிணியும் உட்காரட்டும், நானும் உட்காருகிறேன். வாசல் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

செங்காந்தள்:
எல்லாரும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் மழை நாளில் எல்லாரும் ஒன்றாக உள்ளே ஓடி வருவார்கள். தனி வாசல் வேண்டும்.

வாசல்படி:
வரைபடத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரே வாசலோடு திங்கட்கிழமை அறக்கட்டளையிடம் ஒப்படைக்கிறேன்.

செங்காந்தள்:
அதே திங்கட்கிழமை என் கடிதமும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும். துகேலா ஃபெரியின் எண்ணிக்கையை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

கணக்கர்:
யாராவது அவர்களிடம் அந்த மாலை நேரத்தையும் கேளுங்கள்.