மதுரையில் குடும்பத்தோடு ஒரு நடை: வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அப்பா, அம்மா, மகளோடு மதுரை வருகிறோம். பழைய இடங்களை நடந்தே பார்க்க ஆசை. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் தொடங்கி, பத்துத் தூண், விளக்குத் தூண், மீனாட்சியம்மன் கோயில் என்று நினைத்திருக்கிறேன். இதில் பத்துத் தூணை விடவே மாட்டேன். அந்த அரண்மனை ஒருகாலத்தில் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை, கடைத்தெருவுக்குள் நிற்கும் அந்தக் கல் தூண்களைக் காட்டினால்தான் மகளுக்குப் புரியும்.

மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். கோயிலை முதலில் வைத்துக்கொள்வதா, மாலைக்குத் தள்ளுவதா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. வழியில் நிழலாக உட்கார எங்கே இடம் உண்டு? உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லையே, எந்தக் கோபுர வாசலில் கொடுத்து வைத்தால் வசதி? அந்தத் தெருக்களில் நடந்து பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.