1/2000 நொடியில் உறைந்த விமானம்: படமா, பொம்மையா?

வால்காற்று:
வேல்ஸில் காடைர் இத்ரிஸ் மலையை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் போர் விமானங்கள் தாழப் பறந்து பயிற்சி எடுக்கும் வளையத்துக்கு மாக் லூப் என்று பெயர். தரையிலிருந்து 250 அடி வரை இறங்கி வருவார்கள். நாம் சரிவில் அதைவிட உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் விமானத்தின் முதுகையே பார்க்கலாம். போன வாரம் இரண்டு நாள் கேட் வெஸ்ட் சரிவில் கிடந்தேன். முதல் நாள் மேகம் முகட்டில் படுத்துவிட்டது. ஒன்றும் வரவில்லை, செம்மறியாடுகள் மட்டும் வந்து விசாரித்துவிட்டுப் போயின. இரண்டாம் நாள் மதியம் ஒரு ஹாக் பயிற்சி ஜெட் ஜோடி, அப்புறம் ஒரு எஃப்-15ஈ போர் விமானம். எல்லாம் சேர்த்து ஒன்பது நொடி இருந்தால் அதிகம்.

1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் 180 படம் தேறியது. எல்லாமே கூர்மை. விமானியின் தலைக்கவசக் கண்ணாடியில் வானம்கூடத் தெரிகிறது. ஆனால் ஒரு படத்திலும் விமானம் பறக்கவில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி நிற்கிறது. என் கட்சி இதுதான்: மலை ஏறிப் போய் 1/1000ஐ விட வேகமாக ஷட்டர் வைப்பவன் ஏறின ஏற்றத்தை வீணாக்குகிறான். வானம்தான் பின்னணி என்றால் விமானதள வேலியோரமே போதுமே. மலைக்குப் போவதே பின்னால் புல்லும் பாறையும் வருகிறது என்பதற்காக. கேமராவை விமானத்தோடு திருப்பி, மெதுவான ஷட்டரில் அதைக் கோடாக இழுக்காமல் விட்டால் எப்படி?

இரும்புக்கிளி:
அண்ணே, வருத்தம் புரிகிறது, தீர்ப்பு தப்பு. நீங்கள் சொல்வதை நம்பி நானும் ஒருமுறை 1/250 வைத்துக்கொண்டு காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். வந்தது நான்கு விமானம். வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்கு சாம்பல் தீற்றல். என்ன ரகம் என்று எனக்கே அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்திலேயே குடியிருப்பவன் நூற்றுக்கு ஒன்று தேறினால் போதும் என்று விளையாடலாம். வார இறுதியில் அங்கே பொதுவாகப் பறக்கமாட்டார்கள். வேலைநாளில் லீவு போட்டு, லென்ஸைத் தோளில் மாட்டி, மூச்சு வாங்க ஏறி, மேகம் விலகுமா என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் “கூர்மை வேண்டாம், உணர்ச்சி போதும்” என்று சொல்லிப் பாருங்கள்.

கோணமானி:
இரண்டு பேருமே கணக்குப் போடாமல் சண்டை போடுகிறீர்கள்.

ஹாக் 420 நாட் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 216 மீட்டர். உங்களுக்கு 150 மீட்டர் தொலைவில் கடக்கும்போது கேமரா நொடிக்கு ஏறக்குறைய 82 டிகிரி திரும்ப வேண்டும். இடுப்பிலிருந்து சுழல வேண்டிய வேகம், மணிக்கட்டு போதாது. அப்படிச் சரியாகப் பின்தொடர்ந்தால் 300 மிமீ லென்ஸில், 6000 பிக்சல் அகலப் படத்தில், 1/2000இலேயே தூரத்து மலை 36 பிக்சல் இழுபடும். 1/250 என்றால் 288 பிக்சல். ஆகவே 1/2000இல் பின்னணி உறையாது, வால்காற்று. உறைந்திருந்தால் விமானம் தூரத்தில் இருந்தபோதே பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள், நேரே கடந்தபோது கை பின்தங்கியிருக்கிறது.

இன்னொன்று. இவ்வளவு அருகில், நேரே கடக்கும் கணம் தவிர, விமானத்தின் மூக்கும் வாலும் உங்கள் கண்ணுக்கு ஒரே கோண வேகத்தில் நகர்வதில்லை. மூக்கைப் பிடித்தால் வால் கரையும். 1/250இல் எல்லாப் படத்திலும் முழு விமானமும் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது நடக்காத ஆசை. இரும்புக்கிளியின் நான்கு தீற்றலுக்கும் கை நடுக்கம் மட்டும் காரணமில்லை.

வால்காற்று:
அக்கா, வாலைப் பிடித்து இழுத்துவிட்டீர்கள். படங்களைத் திரும்பத் திறந்து பார்த்தேன். உண்மைதான், பாதிக்கு மேல் விமானம் முக்கால் பக்கமாக எதிரே வரும்போது எடுத்தது. கடக்கும் கணத்தில் ஆறேழு படம்தான் இருக்கிறது, அதில் மூன்றில் மூக்கு சட்டத்துக்கு வெளியே.

ஆனால் கட்சி மாறவில்லை. காக்பிட் மட்டும் கூர்மையாக இருந்தால் எனக்குப் போதும். வால் கரையட்டுமே, வேகம் அங்கேதானே தெரிகிறது?

இரும்புக்கிளி:
கரையட்டும். உங்கள் படம். வால் எண் தெரியவில்லை என்று அப்புறம் இங்கே வந்து “இது எந்த ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு)?” என்று கேட்கக் கூடாது.

விசிறி:
ஜெட்டை விட்டு நகராமல் பேசுகிறீர்கள். பள்ளத்தாக்கில் சி-130ஜே மாதிரி விசிறி வைத்த சரக்கு விமானம் வந்தால் என்ன செய்வீர்கள்? அதன் ஆறு அலகு (இறக்கை) விசிறி நிமிடத்துக்கு 1020 சுற்று. 1/2000இல் அலகு மூன்று டிகிரிதான் நகரும், எஞ்சின் நின்றுபோன விமானம் விழப்போகிற மாதிரி இருக்கும். 1/200 வையுங்கள், 30 டிகிரி. அலகுகளுக்கு இடையில் 60 டிகிரி என்பதால் பாதி நிரம்பிய வட்டு கிடைக்கும். இதில் ரசனைக்கே இடமில்லை. விசிறி இருந்தால் மெதுவாக, அவ்வளவுதான்.

மறக்காமல் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்து, அலகுகள் வாழைப்பழமாக வளைந்த படம் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது.

இரும்புக்கிளி:
விசிறிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்து என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த வளைவில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி கிளம்பிய சத்தம் காதுக்கு வர ஆறு நொடி, அதே தூரத்தை ஜெட் ஒன்பது நொடியில் முடித்துவிடும். சத்தம் கேட்டபின் கையில் மிச்சம் மூன்று நொடி சொச்சம். அதற்குள் ஷட்டர் சக்கரத்தைத் திருகுவதா, விமானத்தைத் தேடுவதா?

கோணமானி:
வேகமானது, மெதுவானது என இரண்டு ஷட்டர் அமைப்பையும் முன்பே சேமித்து ஒரு பொத்தானில் வையுங்கள். பெரும்பாலான கேமராக்களில் உண்டு. மூன்று நொடி தாராளம்.

வேலிக்காரன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிக்சல் கணக்கெல்லாம் சரி, அங்கே போய் உட்காருவதே சரியா என்று யாரும் கேட்கவில்லையே. கலிஃபோர்னியாவில் இதே மாதிரி தாழப் பறக்கும் ரெயின்போ கேன்யன் பள்ளத்தாக்கில் 2019 ஜூலை 31 அன்று எஃப்/ஏ-18ஈ போர் விமானம் ஒன்று பாறையில் மோதியது. விமானி இறந்தார். பார்வையிடத்தில் நின்ற ஏழு பேருக்குக் காயம். அதற்கப்புறம் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு மேலே 1500 அடி உயரத்துக்குக் கீழ் இறங்கக் கூடாது என்று ஆனது. மேலே நிற்கும் கேமராக் கூட்டத்தைப் பார்த்து விமானிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கிக் காட்டலாம் என்று தோன்றாதா?

வால்காற்று:
விபத்து உண்மை. கூட்டத்துக்காக நெருங்கினார் என்பது உங்கள் ஊகம். இறந்தவர் மேல் அதை ஏற்றாதீர்கள். இவர்கள் தாழப் பறப்பது ரேடாருக்குக் கண்மறைவாக நிலத்தோடு ஒட்டிப் போகப் பழக. கேமரா வருவதற்கு முன்பே பறந்தார்கள்.

வேலிக்காரன்:
சரி, ஊகம்தான், திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏழு பேர் காயம் ஊகமில்லை. அடுத்த தடவை எங்கே உட்கார்வது என்று பார்க்கும்போது, நல்ல கோணம் எது என்பதோடு, வழிதவறி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவேன் என்றும் பாருங்கள்.

இரும்புக்கிளி:
மூன்று நொடியில் எங்கே ஓட?

வேலிக்காரன்:
அதைத்தான் சொல்கிறேன்.

வால்காற்று:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, யோசிக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி ஏறுகிறேன். இரும்புக்கிளி, முதல் விமானத்துக்கு உங்கள் பேச்சைக் கேட்டு 1/1600. ஒன்று கையில் விழுந்ததும் மீதி எல்லாம் 1/400.

இரும்புக்கிளி:
முதல் விமானமே கடைசி விமானமாக இருந்தால்?

வால்காற்று:
அப்போது இன்னொரு பொம்மைப் படம் போடுகிறேன். திட்டுங்கள்.